வேலியோரத்து அரிய செடிக்குப் பெயர் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி? புதிதாக நிலத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மானாவாரி நிலம் வாங்குகிறவர்கள் பலரும் முதல் வேலையாக ஜேசிபி வைத்து வேலியைத்தான் எடுக்கிறார்கள். முள்ளுக்கிளுவை வேலி போய்க் கல்தூணும் கம்பியும் வருகின்றன. வெளியூர் வேலையை விட்டுப் பரம்பரை நிலத்துக்குத் திரும்புகிறவர்களும் இதையே செய்கிறார்கள். வேலியோடு சேர்ந்து என்னென்ன போயின என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பெருமருந்துக்கொடி, சிறுகுறிஞ்சான், நன்னாரி, ஆதண்டை, செங்காந்தள், தண்ணீர்விட்டான் கிழங்கு என்று ஒரு வேலியடியில் நிற்பவற்றை இன்று நட்டு வளர்க்க நினைத்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

என் நிலத்தில் நிற்கும் ஆடுதீண்டாப்பாளையையும் செங்காந்தளையும் ஊரின் செடிகொடிகளை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்று சொல்ல ஆளில்லை. இன்னொருவர் அப்படி அலையக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை செடியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பின் வரும் குத்தகைக்காரரோ, பாகம் பிரியும்போது அந்தப் பக்கத்தை வாங்கும் பங்காளியோ அதை மதிக்கவேண்டுமானால் அது தாளில் இருக்கவேண்டும்.

1. உழவுக்கு முன் வேலியைச் சுற்றி நடங்கள்

நிலம் கைக்கு வந்ததும் உழவு ஓட்டாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் வேலியிலிருந்து பத்தடியையாவது விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

காரணம் எளிது. செங்காந்தள் போன்ற கிழங்குச் செடிகள் கோடையில் மண்ணுக்கு மேலே ஒன்றும் காட்டுவதில்லை. தை முடிந்து வந்து பார்த்தால் வெறும் தரைதான் தெரியும். முதல் நல்ல மழைக்குப் பிறகு முளைவிட்டு, வேலியில் ஏறி, புரட்டாசியிலிருந்து கார்த்திகைக்குள் பூத்துக் காய்த்துவிடும். கோடையில் பதிவு செய்த நிலத்தைக் கோடையிலேயே உழுகிறவர் தன்னிடம் என்ன இருந்தது என்று அறியாமலே அழித்துவிடுகிறார்.

நடக்கும்போது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். செயலிகளைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “முன்பு இங்கே நிறைய இருந்து இப்போது காணாமல் போனது எது?”, “இப்போது அது எந்த வேலியில் நிற்கிறது?” இந்த இரண்டு பதில்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறாவது படியில் அலுவலகத்துக்குப் போகும்போது இதே கேள்விகளுக்கான கட்டங்கள் படிவத்திலும் இருக்கும்.

கண்ட இடத்தில் ஒரு கல்லை நட்டு வெள்ளையடியுங்கள். குச்சி வேண்டாம். அது கரையானுக்குப் போகும், அல்லது யாராவது அடுப்புக்கு எடுத்துப்போவார்கள்.

2. எதைக் காப்பது, எதைப் பிடுங்குவது?

தானாக முளைப்பதெல்லாம் காக்கவேண்டியது என்று நினைக்கவேண்டாம். பார்த்தீனியம், உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் மூன்றையும் தயங்காமல் எடுங்கள். மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்து மற்றச் செடிகளின் இடத்தைப் பிடிப்பவை. சோளம், கரும்பு வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியைப் பூக்கும் முன் பிடுங்குங்கள். விதை விழுந்தால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். பருத்தி போடுகிறவர் வரப்பில் துத்தியை அடர்த்தியாக விடாதீர்கள், மாவுப்பூச்சி அதில் தங்கிப் பருத்திக்கு வரும். காட்டுச் செடி எல்லாமே பயிருக்கு நன்மை செய்யும் என்று சொல்கிறவர்கள் வயலில் இறங்கிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

காக்கவேண்டியவை எனக்குத் தெரிந்து மூன்று வகை.

ஒன்றிரண்டு உயிரினங்களின் பிழைப்பையே தாங்கி நிற்பவை முதல் வகை. ஆடுதீண்டாப்பாளையைப் பாருங்கள். கரிசல் வரப்பில் தரையோடு படர்ந்து, சாம்பல் பூத்த பச்சையில் சிறுநீரக வடிவ இலையோடு கிடக்கும். கைபட்டால் கெட்ட வாடை. குனிந்து பார்த்தால்தான் பூ தெரியும்: கருஞ்சிவப்பு நாக்கு நீட்டிய சிறு குழல். குழலுக்குள் உள்நோக்கிச் சாய்ந்த மயிர்கள் இருக்கின்றன. வாடைக்கு வந்து நுழையும் சிறு ஈ திரும்ப முடியாமல் உள்ளேயே கிடக்கும். மயிர்கள் வாடிய பிறகு மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியேறி அடுத்த பூவுக்குப் போகும். ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் இந்தச் செடி, பெருமருந்துக்கொடி போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளைத் தவிர வேறு எதையும் தின்று வளர்வதில்லை. செடியின் நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் அந்தப் பட்டாம்பூச்சிகளை விட்டுவிடுகின்றன. உங்கள் ஊரில் கடைசிக் கொடி போனால் அவையும் போய்விடும்.

அடுத்தது, பயிர்களின் காட்டு உறவுகள். பயறு இனத்து நரிப்பயறு, காட்டுத் துவரை, வெள்ளரி இனத்துச் சுக்கங்காய், குளத்தோரக் காட்டு நெல், ஆற்றோர நாணல் எல்லாம் இதில் சேரும். இவற்றின் மதிப்பைக் கோயம்புத்தூரிலேயே பார்க்கலாம். கோ 205 என்ற கரும்பு, ‘வெள்ளை’ என்ற கரும்போடு உள்ளூர் நாணலைச் சேர்த்து அங்கே உருவாக்கி 1918இல் வெளியிட்ட ரகம். நெல்லில் புல்தழைக் குட்டை நோய் வந்தபோது தாங்கும் குணம் உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரு காட்டு நெல்லில்தான் கிடைத்தது; 1976இல் வந்த ஐஆர் 36 அந்தக் குணத்தைச் சுமந்த ரகம். களை என்று வெட்டி எறிகிற ஒன்று எதைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று நோய் வரும்வரை யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளுக்குச் சோறும் வீடும் தருபவை. கத்தரியும் தக்காளியும் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். பூவைப் பிடித்து உடம்பை அதிரவைக்கிற நீலப்பட்டைத் தேனீயும் தச்சன் தேனீயும் வந்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ மண் வரப்பில் துளையிட்டு முட்டையிடும்; தச்சன் தேனீ வேலியின் காய்ந்த மரக்கிளையைக் குடைந்து குடியிருக்கும். கத்தரி பூக்காத நாட்களில் இவை தும்பையிலும் எருக்கிலும் கிலுகிலுப்பையிலும்தான் பிழைக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. செங்காந்தள் கிழங்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. ஆடுதீண்டாப்பாளையிலும் பெருமருந்திலும் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். ‘மூலிகை’ என்ற பெயரை நம்பி வீட்டில் கஷாயம் வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடானால் எந்தச் செடி நஞ்சு என்று முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

3. படமும் மாதிரியும்: பூ இல்லாமல் பெயர் கிடைக்காது

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இலையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனால் எந்தத் தாவரவியல் அறிஞரும் எழுத்தில் பெயர் தரமாட்டார். பூவும் முடிந்தால் காயும் வேண்டும். அதனால் இந்தப் படியைப் பூக்கும் காலத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

எடுக்கவேண்டிய படங்கள்: செடி முழுதும் சுற்றிலும் உள்ள நிலத்தோடு, இலையின் மேற்புறமும் அடிப்புறமும், பூ நேராகவும் பக்கவாட்டிலும், காய், தண்டை ஒடித்தால் பால் வடிகிறதா என்பது. அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். தேதியும் இடக்குறியீடும் படத்திலேயே பதியும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள்.

உலர் மாதிரி எடுப்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இருபது செடி இருந்தால் ஒன்றில் ஒரு கிளை எடுக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் பூவோடு ஒரு சிறு நுனி மட்டும். இரண்டு மூன்றுதான் என்றால் படத்தோடு நிறுத்துங்கள். வேரோடு பிடுங்கவே வேண்டாம்.

ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் நீளக் கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்துவையுங்கள். ஓர் இலையாவது அடிப்புறம் மேலே தெரியும்படி திரும்பியிருக்கவேண்டும். மேலும் கீழும் அட்டை வைத்து, அதன் மேல் கனமான கல். முதல் நான்கு நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். பிறகு நிழலில் ஒரு வாரம். வெயிலில் காயவைத்தால் நொறுங்கிவிடும். இதற்குச் செலவு என்று ஒன்றும் இல்லை.

காய்ந்த பிறகு பூவின் நிறம் போய்விடும் என்பதால், பறித்த அன்றே ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வையுங்கள்: தேதி, ஊர், வட்டம், மண் வகை, செடியின் உயரம், கொடியா புதரா, பூ நிறம், ஊரில் வழங்கும் பெயர், பெயர் சொன்னவர் யார். இந்தத் துண்டுத்தாள் இல்லாத மாதிரியை எந்த உலர்தாவரகமும் (காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) வாங்காது.

செயலி பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசிச் செயலிகள் பெரிய பூக்களுக்குச் சரியாகவே சொல்கின்றன. புல், பயறு, கோரை இனங்களில் அடிக்கடி தவறுகின்றன. செடி, உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் போட்டால் மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள்; தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் இடத்தை ‘மறைத்து’ வெளியிடும் வாய்ப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். அரிய கிழங்கு நிற்கும் இடத்தைத் துல்லியமாக ஊருக்கே அறிவித்தால் தோண்டுகிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

4. பெயரை எழுத்தில் வாங்குங்கள்

பதிவேட்டில் ஏற்ற அறிவியல் பெயர் வேண்டும். நான் முதலில் கொடுத்த மனுவைத் தாவரப் பெயர் இல்லை என்று சொல்லித்தான் திருப்பினார்கள். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் மூன்று செடிகள் உண்டு, ஒரே செடிக்கு வட்டத்துக்கு ஒரு பெயரும் உண்டு.

கொங்குப் பகுதிக்காரர்களுக்கு அருகில் இருப்பது கோயம்புத்தூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (Botanical Survey of India) தென்மண்டல மையம். பி.எஸ்.ஐ. என்று கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே இருக்கும் மெட்ராஸ் உலர்தாவரகம் தென்னிந்தியத் தாவரங்களுக்கு மிகப் பெரிய துணை. திருச்சி பக்கத்துக்காரர்களுக்கு தூய வளனார் கல்லூரியின் ரேபினட் உலர்தாவரகம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து அரசுக் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். வகைப்பாட்டியல் தெரிந்த ஒரு பேராசிரியர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துப்போகவேண்டியவை: மாதிரி, துண்டுத்தாளின் நகல், அச்சிட்ட படங்கள், “இந்தத் தாவரத்தை அடையாளம் கண்டு சான்று தருமாறு வேண்டுகிறேன்” என்ற ஒரு பக்கக் கடிதம், ஆதார் நகல். கட்டணம் உண்டா, எவ்வளவு, எப்படிக் கட்டவேண்டும் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடையாளம் காண்பவர் களப்பணிக்குப் போயிருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சான்று கைக்கு வந்ததும் ஐந்தாறு நகல் எடுத்துவையுங்கள்.

5. நிலத் தாள்கள்

இது எளிய படி. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம் நான்கையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்து அச்செடுக்கலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம், அங்கே சிறு கட்டணம் உண்டு. எந்த ஆண்டு என்ன பயிர் என்று காட்டும் அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1இல் தொடங்குகிறது. எந்தப் பசலிக்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

புல வரைபடத்தின் நகலில் செடி நிற்கும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் குறியுங்கள். அப்போதுதான் ஒரு முக்கியமான விஷயம் தெளிவாகும்: அந்த இடம் உங்கள் பட்டாவில் இருக்கிறதா, பக்கத்துக்காரருடையதா, வாய்க்கால் புறம்போக்கா? வேலி பெரும்பாலும் எல்லையில்தான் நிற்கும். பொது வேலியானால் பக்கத்து நிலத்தாரோடு பேசி, “இந்த வேலியை இருவரும் கலந்து பேசாமல் எடுக்கமாட்டோம்” என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நீதிமன்றத்துக்குப் போவதற்காக அல்ல; அடுத்த தலைமுறைக்கு நினைவூட்டுவதற்கு.

செடி புறம்போக்கில் நின்றால் நீங்கள் வேலி போடக்கூடாது. நல்ல எண்ணத்தில் போட்டாலும் அது ஆக்கிரமிப்புதான். அதற்கு அடுத்த படி மட்டுமே வழி.

வேலியில் பறவை போட்ட விதையில் சந்தன மரம் முளைத்திருந்தால், பட்டா நிலமே ஆனாலும் வனத்துறையிடம் கேட்காமல் வெட்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுதல்

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அந்தக் குழு தன் எல்லைக்குள் உள்ள செடிகொடிகள், விலங்குகள், அவற்றைப் பற்றிய ஊர் அறிவு எல்லாவற்றையும் எழுதிவைப்பதுதான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. அலுவலகத்தில் இந்தப் பெயர்களைச் சொன்னால் சிலர் விழிப்பார்கள். பி.எம்.சி., பி.பி.ஆர். என்று கேளுங்கள்.

முதலில் பதிவேட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாயால் கேட்டால் “மேலே அனுப்பிவிட்டோம்” என்ற பதில்தான் எனக்குக் கிடைத்தது. பார்க்கவிடவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் வந்ததும் உங்கள் செடி எந்தப் பட்டியலில் இருக்கிறது, இருக்கிறதா என்று தேடுங்கள். பதிவேட்டில் களைகளுக்கு ஒரு பட்டியல், மருத்துவச் செடிகளுக்கு ஒன்று, பயிர்களின் காட்டு உறவுகளுக்கு ஒன்று என்று தனித்தனிப் படிவங்கள் உண்டு. நரிப்பயறு களைப் பட்டியலில் போய்விட்டால் பதிந்தும் பயனில்லை. ஒழிக்கவேண்டியது என்றே அடுத்து வருபவர் படிப்பார். எந்தப் படிவத்தில் ஏற்றவேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

மனு நீளமாக இருக்கவேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

“… ஊராட்சி, புல எண் … இல் உள்ள எனது பட்டா நிலத்தின் வடக்கு வேலியில் … (ஊர்ப் பெயர்), … (அறிவியல் பெயர்) என்ற தாவரம் இயற்கையாக வளர்ந்து வருகிறது. அடையாளச் சான்று இணைத்துள்ளேன். முன்பு ஊர் முழுவதும் காணப்பட்ட இத்தாவரம் இப்போது அருகிவிட்டதாக ஊர்ப் பெரியவர்கள் கூறுகின்றனர். இதனை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டின் … படிவத்தில் சேர்த்து, சேர்த்த விவரத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லாத மனுவுக்குப் பதில் வராது.

இணைப்பு: அடையாளச் சான்று நகல், படங்கள், பட்டா, குறியிட்ட புல வரைபடம், ஆதார் நகல். ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுக்க நல்ல நேரம் கிராம சபைக் கூட்டம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் சொல்லிப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்று போய் எழுந்து கேட்டால் குடிநீர், தெருவிளக்குப் பேச்சில் உங்கள் செடி அமுங்கிவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமானால் தனி அலுவலரிடம் கொடுங்கள். எங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண் போட்டு ரசீது தருவார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பின்தொடர முடியும்.

வாய்க்கால் புறம்போக்கில் நிற்கும் செடிக்கு இதே மனுவில் ஒரு வரி கூட்டுங்கள்: தூர்வாரும்போதும் ஊரக வேலைத் திட்டத்தில் புதர் அகற்றும்போதும் அந்த இடத்தை விடவேண்டும் என்று. தீர்மானமாக நிறைவேறினால் மேற்பார்வையாளரிடம் காட்டலாம்.

எல்லாரும் கேட்கும் பயம் ஒன்று: “பதிந்தால் வனத்துறை நிலத்தை எடுத்துக்கொள்ளுமா?” எடுக்காது. பதிவேட்டில் ஒரு செடி ஏறுவதால் பட்டாவும் மாறாது, நில வகைப்பாடும் மாறாது, உழுவதற்கோ விற்பதற்கோ தடையும் வராது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது வேறு நடைமுறை. அதற்கு மாநில அரசு உள்ளாட்சியைக் கலந்துகொண்டு தனியே அறிவிக்கை வெளியிடவேண்டும். உங்கள் வேலியோரக் கொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

7. வரப்பில் அன்றாடம் செய்யவேண்டியது

மூன்றடி அகலம் விடுங்கள். சதுரமான ஓர் ஏக்கரில் ஒரு பக்கம் சுமார் 209 அடி. இரண்டு பக்க வேலியோரம் மூன்றடி விட்டால் மூன்று சென்ட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் போகும். வேலி நிழலில் அந்த இடத்தில் எப்படியும் பயிர் சோர்ந்துதான் நிற்கும்.

அந்த மூன்றடியில் களைக்கொல்லி படக்கூடாது. காற்று உங்கள் வேலிப் பக்கம் வீசும் நாளில் வயலிலும் தெளிக்காதீர்கள். கூலிக்கு மருந்தடிக்க வருபவரிடம் வெள்ளைக் கல்லைக் காட்டி, அன்று காலையிலேயே சொல்லுங்கள். முந்தின வாரம் சொன்னது அவருக்கு நினைவிருக்காது, வேறு ஆளும் வரலாம். டிராக்டர் ஓட்டுநருக்கும் அப்படியே.

வரப்புப் புல்லை வெட்டுவதானால் விதை விழுந்த பிறகு, தை மாதத்தில், ஒரு பக்கம் இந்த ஆண்டு, மறுபக்கம் அடுத்த ஆண்டு. தீ வைக்கவே கூடாது.

வேலியில் இடைவெளி விழுந்திருந்தால் கம்பி கட்டாமல் கிளுவைப் போத்து நடுங்கள். இலையுதிர்ந்த கோடையில் போத்து வெட்டி மழைக்கு முன் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் கேட்டால் போத்து சும்மாவே கிடைக்கும். கூலி மட்டும்தான் செலவு. ஆடு நுழையாத அளவுக்கு அடர இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். அதுவரை முள் வெட்டிப் போட்டு அடைத்துவையுங்கள்.

8. கேட்டு வருகிறவர்கள்

செடி இருப்பது தெரிந்தால் ஆள் வரும். மூலனூர் பக்கத்தில் செங்காந்தளைப் பந்தல் கட்டிப் பயிராகவே வளர்க்கிறார்கள். விதைக் கிழங்குக்காக வேலியில் இருப்பதைத் தோண்டிக் கேட்பவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். முதிர்ந்த காயில் ஒரு பங்கு விதை கொடுக்கலாம்; கிழங்கு போனால் செடியே போயிற்று.

நிறுவனத்துக்காகச் செடியோ விதையோ கேட்டு வருபவரிடம் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு அவர்கள் எழுதிய கடிதத்தின் நகலைக் கேளுங்கள். வணிகத்துக்கு எடுக்கும் இந்திய நிறுவனம் வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்கவேண்டியது பல்லுயிர்ச் சட்டத்தின் விதி. வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ என்றால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் ஊர் மக்களும் நாட்டு வைத்தியர்களும் வழக்கம்போல் எடுத்துக்கொள்வதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆராய்ச்சி மாணவர் வந்தால் கல்லூரிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு உதவுங்கள். மாதிரி எந்த உலர்தாவரகத்துக்குப் போகிறது என்று எழுதி வாங்குங்கள்.

9. பணம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. அதை எதிர்பார்த்துத் தொடங்கவேண்டாம்.

ஒரு வாய்ப்பு உண்டு. பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், நாட்டு ரகங்களையும் பயிர்களின் காட்டு உறவுகளையும் காத்துவரும் உழவர்களுக்கும் ஊர்களுக்கும் விருது தருகிறது. உழவருக்கு 1.5 லட்சம் ரூபாய் பரிசு, அதற்கு அடுத்த நிலையில் 1 லட்சம் ரூபாய் அங்கீகாரம், ஊருக்கு 10 லட்சம் ரூபாய் விருது. விண்ணப்பத்தை பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அலுவலரோ பரிந்துரைத்து அனுப்பவேண்டும். ஆறாவது படியை முடித்தவர்களுக்கு அது எளிது. ஆனால் பட்டாம்பூச்சிக்காகக் காக்கும் ஆடுதீண்டாப்பாளை இதில் வராது. காட்டு நெல், காட்டுத் துவரை, நரிப்பயறு போன்றவைதான் வரும். நாடு முழுவதற்கும் சேர்த்துச் சில பத்துப் பேருக்கே கிடைக்கிற விருது அது.

காட்டு உறவுகள் உங்களிடம் இருந்தால் விதையில் ஒரு பங்கைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கிக்கோ, திருச்சூரில் உள்ள தேசியத் தாவர மரபுவள நிறுவனத்தின் மண்டல நிலையத்துக்கோ கொடுக்க எழுதிக் கேளுங்கள். ஒரு வறட்சியில் வேலி காய்ந்தாலும் விதை மிஞ்சும்.

10. எந்த மாதம் எதை?

ஆடி, ஆவணியில் வேலி சுற்றி நடப்பதும் கல் நடுவதும். புரட்டாசி முதல் கார்த்திகைவரை படமும் மாதிரியும். தொடர்மழை நாளில் மாதிரி எடுத்தால் காயாது, இரண்டு நாள் வெயில் பார்த்து எடுங்கள். மார்கழியில் அடையாளச் சான்றுக்கும் நிலத் தாள்களுக்கும் அலையலாம். வயலிலும் வேலை குறைவு. பதிவேட்டு நகலுக்கான தகவல் உரிமை மனுவையும் மார்கழித் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் ஜனவரி 26 கிராம சபைக்குள் பதில் கையில் இருக்க வாய்ப்புண்டு. அன்று மனு. பதில் வராவிட்டால் மார்ச் 22 கூட்டத்தில் முதல் மனுவின் முத்திரையிட்ட நகலை இணைத்து நினைவூட்டுங்கள். மே 1க்குள்ளும் நகரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகம்.

மூலத் தாள்களை எங்கும் கொடுக்காதீர்கள், நகல் மட்டுமே. சான்று, மனு நகல், ரசீது, பக்கத்து நிலத்தாரோடு எழுதிய தாள் எல்லாவற்றையும் நிலப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வையுங்கள். நிலம் கைமாறும்போது அந்த உறைதான் அடுத்தவர் கைக்குப் போகும்.